முதலில் நுரை, அப்புறம் ரேசர்: பாரம்பரிய ஷேவிங்குக்கு முழுமையான வழிகாட்டி

கார்ட்ரிட்ஜ் ரேசர் (பிளேடுகள் பதித்த தலையையே கழற்றி மாற்றுவது) அலுத்துப்போய்ப் பாரம்பரிய ஷேவிங்குக்கு மாற நினைப்பவர்கள் முதலில் வாங்குவது, ஒற்றை பிளேடைப் பொருத்தி மழிக்கும் பளபளப்பான ஒரு சேஃப்டி ரேசரைத்தான். டப்பாவிலிருந்து வரும் நுரை அப்படியே இருக்கும். முகத்தை நனைக்கும் விதம் மாறாது, அழுத்தி இழுக்கும் கைப்பழக்கமும் மாறாது. இரண்டு மூன்று நாளில் கழுத்தெல்லாம் எரிச்சல், மோவாயில் வெட்டு. "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று ரேசர் அலமாரிக்குப் போய்விடும்.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் பிரஷ்ஷும் சோப்பும் வாங்கி, கையில் இருக்கிற கார்ட்ரிட்ஜோடு இரண்டு வாரம் பழகுங்கள். நுரை கைக்கு வந்தபின் ரேசரை மாற்றுங்கள். பாரம்பரிய ஷேவிங் தரும் சுகத்தில் பெரும்பங்கு நுரையிலும் நிதானத்திலும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மிச்சத்தை ரேசர் தருகிறது.

இரண்டு ரேசரும் தோலில் என்ன செய்கின்றன

சேஃப்டி ரேசரில் மழுங்கியதும் எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொள்ளும் மெல்லிய பிளேடு, கிங் கேம்ப் ஜில்லெட்டின் யோசனை. 1901-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1904-ல் கிடைத்தது. அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டில் நிலையான கூர் ஏற்ற வழி கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903-ல் விற்றவை வெறும் 51 ரேசரும் 168 பிளேடும். அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. இருபுறமும் கூர் உள்ள அந்த டபுள் எட்ஜ் பிளேடை இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. எவர் செய்த பிளேடும் எவர் செய்த ரேசரிலும் பொருந்தும். கார்ட்ரிட்ஜில் இந்தச் சுதந்திரம் இல்லை. கைப்பிடி எவருடையதோ, பெரும்பாலும் தலையையும் அவர்களிடமே வாங்கியாக வேண்டும்.

இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் 1971-ல் ஜில்லெட்டின் ட்ராக் 2-வோடு வந்தது. 1998-ல் மேக் 3 மூன்று பிளேடுகளோடும், 2006-ல் ஃப்யூஷன் ஐந்து பிளேடுகளோடும் வந்தன. பிளேடு கூடக் கூட மழமழப்பு கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் பிளேடு முடியை வெட்டும்போதே கொஞ்சம் வெளியே இழுத்துவிடுகிறது. அது திரும்ப உள்ளே போகும் முன் பின்னால் வரும் பிளேடு இன்னும் கீழே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நேரான முடிக்காரர்களுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. சுருட்டை முடிக்காரர்களுக்கோ, அந்தக் கூரிய முனை வளைந்து வளரும்போது தோலையே குத்திக்கொண்டு உள்ளே போகும். கழுத்தில் கொப்புளம் கொப்புளமாக வருவது பல பேருக்கு இதனால்தான்.

இன்னொரு விஷயம் அழுத்தம். கார்ட்ரிட்ஜில் பிளேடுகள் நெருக்கமாக இருப்பதால் இடையில் தோல் பிதுங்காது. தலை முகத்தின் வளைவுக்கேற்ப அசைந்துகொடுக்கும். அதனால் அழுத்தி இழுத்தாலும் உடனே ரத்தம் வராது. ஆனால் ஒரு இழுப்பில் ஒரே இடத்தை ஐந்து கூர்கள் உரசிப் போகின்றன. அதையே மூன்று முறை இழுத்தால் பதினைந்து உரசல். அன்றைக்கு ஒன்றும் தெரியாது; மறுநாள் காலையில் எரியும்.

சேஃப்டி ரேசரில் தோலைத் தொடுவது ஒரே ஒரு கூர். தலை அசையாது. கோணத்தையும் அழுத்தத்தையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்ட்ரிட்ஜ் செய்பவர் அந்தத் தலைக்குள் வைத்துவிட்ட கவனத்தை இங்கே உங்கள் கை கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ளும் அந்த நேரம் பிடித்துப்போகிறவர்களுக்குத்தான் இது பொழுதுபோக்காகிறது.

கார்ட்ரிட்ஜுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டுமென்றால் அதுதான் நல்லது. தலையை மழிக்க, கை கால் முடியை எடுக்க, கண்ணாடி பார்க்காமல் குளித்துக்கொண்டே மழிக்க, அசையும் தலை வசதி. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அதையோ மின்சார ஷேவரையோ சொல்வேன். முகத்தில் சீழ்ப்பருக்கள் இருந்தாலும், வெட்டுப்பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் வாகு இருந்தாலும், தோல் மருத்துவரைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

முதல் படி: முடி ஊறட்டும்

உலர்ந்த தாடி முடி நல்ல முரடு. தண்ணீரைக் குடித்ததும் அது உப்பி மிருதுவாகும். வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறையும். இதற்கு ஓரிரு நொடி போதாது, இரண்டு மூன்று நிமிடம் ஈரம் நிற்க வேண்டும். குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்வது எல்லாவற்றிலும் எளிய வழி. இல்லாவிட்டால் முகத்தைச் சாதாரண சோப்பால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டைச் சிறிது நேரம் வைத்திருங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தோல் காய்ந்துபோகும். குளிர்ந்த நீரிலும் முடி ஊறும், கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவே.

பிளேடும் இந்த ஊறலுக்கு நன்றி சொல்லும். எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி எப்படி எஃகை மழுக்குகிறது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். கூர் மெல்ல மெல்லத் தேய்வது மிகக் குறைவு, முடி சாய்வாக வந்து மோதும் சில இடங்களில் அது நுண்ணிய சில்லுகளாக உடைகிறது என்று கண்டார்கள். முடி ஊறி, நுரை அதை நிமிர்த்திப் பிடித்திருந்தால் கூரின் மேல் விழும் சுமை குறையும்.

இரண்டாம் படி: பிரஷ், சோப், நுரை

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். டப்பா நுரையில் பெரும்பகுதி காற்று. முகத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே தவிர, வழுவழுப்பு அதிகம் இருக்காது. ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைய இருக்கும். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துச் செய்வார்கள். தண்ணீரைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும் அடர்த்தியான நுரை வருவது இந்தச் சேர்க்கையால்தான். குளியல் சோப் நுரைக்கும், ஆனால் நுரை நிற்காது. பாதி முகம் முடிவதற்குள் காய்ந்துவிடும். ட்யூபில் வரும் ஷேவிங் க்ரீம் நுரைக்க எளிது, அதில் தொடங்குவதில் தவறே இல்லை.

பிரஷ் விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லாத கருத்து உண்டு: முதல் பிரஷ் செயற்கை இழையாக இருக்கட்டும். முன்னாலேயே ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், கொஞ்சம் சோப்பிலேயே நிறைய நுரை தரும். பிரஷ்ஷின் குடுமி, அதாவது முடிக்கற்றை கைப்பிடியில் கட்டியிருக்கும் இடத்தின் விட்டம் 24 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் பெரும்பாலான முகங்களுக்குச் சரி. பன்றி முடி பிரஷ் விறைப்பானது, மூன்று நான்கு நிமிடம் ஊற வேண்டும். சில வாரம் பழகியபின் முடியின் நுனிகள் பிளந்து மென்மையாகும். பேட்ஜர் என்ற விலங்கின் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், விலையும் அதிகம். மிகப் பழைய விலங்குமுடி பிரஷ்ஷைச் சேகரிக்கலாம், முகத்தில் வைக்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத குதிரைமுடி பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் பரவிய வரலாறு இருக்கிறது.

இனி நுரை அடிக்கும் விதம். பிரஷ்ஷை நனைத்து, நீர் சொட்டாத அளவுக்கு உதறிக்கொள்ளுங்கள். கட்டி சோப்பானால் அதன் மேல் வட்டமாக 20 முதல் 30 நொடி சுற்றுங்கள். முதலில் பெரிய குமிழ்கள் வரும், அப்புறம் குமிழ் மறைந்து பசை போல ஒன்று பிரஷ் நுனியில் ஏறும். அந்தப் பசைதான் தேவை. பலரும் சோப்பைப் போதிய அளவு ஏற்றாமல் ஐந்தாறு நொடியில் நிறுத்திவிடுகிறார்கள். நுரை நிற்காமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். க்ரீமானால் விரல்நுனி அளவு போதும்.

பிறகு பிரஷ்ஷை ஒரு கிண்ணத்திலோ நேராக முகத்திலோ சுற்ற வேண்டும். கிண்ணத்தில் நுரையின் பக்குவம் கண்ணுக்குத் தெரியும் என்பதால் கற்றுக்கொள்ளும்போது அது நல்லது. முகத்திலேயே அடித்தால் முடி நன்றாக நிமிரும். எதுவானாலும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். சில சொட்டு, பதினைந்து இருபது நொடி சுற்று, மறுபடி சில சொட்டு. ஆரம்பத்தில் நுரை மங்கலாக, ஒட்டிக்கொள்வதாக இருக்கும். தண்ணீர் ஏற ஏறப் பளபளப்பு வரும், குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். பிரஷ்ஷைத் தூக்கினால் நுரையின் முனை எழுந்து லேசாகத் தலைசாய வேண்டும். விறைத்து நின்றால் தண்ணீர் போதவில்லை. எழாமல் வழிந்தால் அதிகமாகிவிட்டது.

இன்னும் நம்பகமான சோதனை ஒன்று: கொஞ்சம் நுரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள். விரல்கள் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் சரி. தேய்க்கும்போது பிசுபிசுத்தால் தண்ணீர் சேருங்கள். நுரை மலைபோல் நிறைந்திருந்தும் விரல் வழுக்கவில்லையென்றால் உள்ளே காற்றுதான் இருக்கிறது. நுரை முகத்தை மறைக்கும் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டியதில்லை. மெல்லிய, ஈரமான, வழுக்கும் ஒரு படலமே ரேசரைத் தாங்கும்.

எவ்வளவு அடித்தாலும் நுரை வரவில்லை, கிண்ணத்தில் வெள்ளைக் கசடு படிகிறது என்றால் தண்ணீர் உப்புத்தண்ணீராக இருக்கலாம். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். நுரைக்கு மட்டும் ஒரு குவளை சுத்திகரித்த நீரை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

இந்த நுரையைப் பூசி, பழைய கார்ட்ரிட்ஜால், அழுத்தாமல், ஒவ்வொரு இடத்தையும் ஒருமுறை மட்டும் இழுத்துப் பாருங்கள். எரிச்சலில் பாதி இங்கேயே குறைந்துவிடலாம். இரண்டு வாரம் இப்படியே போகட்டும்.

மூன்றாம் படி: முடி எந்தப் பக்கம் வளர்கிறது

அந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இது. ஒன்றிரண்டு நாள் வளர்ந்த முடியின் மேல் விரல்நுனியை நான்கு திசையிலும் ஓட்டுங்கள். வழுக்கிப் போகும் திசை, முடி வளரும் திசை. முரண்டு பிடிப்பது எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும். கழுத்தில்தான் குழப்பம்: மேல்நோக்கி வளரும், பக்கவாட்டில் சாயும், குரல்வளைக்குப் பக்கத்தில் சுழியும் இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு தாளில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் எதிர்த்திசையில் மழித்ததால் வரும் கழுத்து எரிச்சலை ரேசர் மேல் போடுகிறவர்கள் ஏராளம்.

நான்காம் படி: ரேசரும் பிளேடும்

சேஃப்டி ரேசர்களை மென்மையானது, ஆக்ரோஷமானது என்று பிரித்துப் பேசுவார்கள். பிளேடின் கூர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கூருக்கும் அதன் கீழுள்ள காப்புப் பட்டைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்த பேச்சு இது. தொடங்குபவருக்கு மென்மையான, காப்புப் பட்டையில் பற்கள் இல்லாத ரேசர் போதும். மெர்க்கூர் 34சி, எட்வின் ஜாகர் டிஇ89, ம்யூலே ஆர்89 போன்றவை பல ஆண்டுகளாக இந்த இடத்தில் நிற்பவை. அதே ம்யூலேயின் ஆர்41 பெயரில் பக்கத்தில் இருந்தாலும் குணத்தில் வேறு. பழகாத கைக்கு அது வேண்டாம். சீப்புப் பற்கள் போன்ற விளிம்புள்ள ரேசர் நான்கைந்து நாள் வளர்ந்த தாடிக்கு நல்லது, முடி அடைத்துக்கொள்ளாது. கைப்பிடியைத் திருகினால் மூடி இரண்டு கதவாகத் திறக்கும் வகையும் உண்டு. பிளேடு மாற்ற அது வசதி, ஆனால் நகரும் பாகங்கள் அதிகம். மூன்று துண்டாகப் பிரியும் ரேசரே சுத்தம் செய்ய எளிது, சீக்கிரம் பழுதாகாது.

பிளேடு முகத்துக்கு முகம் மாறும். ஒருவர் புகழும் பிளேடு இன்னொருவர் முகத்தைக் கிழிக்கும். அதனால் ஒரே வகையில் நூறு வாங்காமல், ஐந்தாறு வகைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். ஆஸ்ட்ரா, டெர்பி போன்ற நடுத்தரக் கூரில் தொடங்கலாம். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது. கோணம் கைக்கு வந்தபின் அதைத் தொடுங்கள்.

பிளேடு பொருத்தும்போது குறுகலான இரு முனைகளை மட்டுமே பிடிக்க வேண்டும். மூடியைத் தலைகீழாக வைத்து, அதன் முளைகளில் பிளேடை உட்காரவைத்து, மேலே அடித்தட்டை வைத்து, கைப்பிடியைத் திருகுங்கள். கடைசியாக இறுக்கும்போதும் விரல்கள் அந்த முனைகளில்தான் இருக்க வேண்டும், கூர் பக்கம் போகவே கூடாது. முடித்ததும் எதிரே தூக்கிப் பார்த்து, இருபுறமும் கூர் ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் கழற்றி மறுபடி பொருத்துங்கள்.

ஐந்தாம் படி: முதல் ஷேவ்

அவசரமில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடியின் நுனியை விரல்களால் லேசாகப் பிடியுங்கள், முஷ்டி வேண்டாம். ரேசரின் மூடி மட்டும் கன்னத்தில் படும்படி, கைப்பிடி தரைக்கு இணையாக இருக்க வைக்கவும். இந்த நிலையில் கூர் தோலைத் தொடாது. அப்படியே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே சிறு சிறு இழுப்பாக இழுங்கள். ஒரு கட்டத்தில் முடி வெட்டுப்படும் மெல்லிய சரசரப்பு கேட்கும். பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்கும் இடம் அது. அங்கேயே நில்லுங்கள். கைப்பிடியை இன்னும் இறக்கினால் கூர் தோலைச் சுரண்டத் தொடங்கும்.

காதை நம்புங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். சேஃப்டி ரேசர் பேசும். சரியான கோணத்தில் ஒரே சீரான சத்தம் வரும். கோணம் தப்பினால் சத்தம் நின்றுபோகும் அல்லது கரகரக்கும். கன்னத்திலிருந்து தாடைக்கு இறங்கும்போது முகம் வளைகிறது, கையும் கூடவே வளைய வேண்டும். கார்ட்ரிட்ஜ் தலை தானாகச் செய்த வேலை இது. ஓடும் தண்ணீரையும் பாட்டையும் நிறுத்திவிட்டால் கற்றுக்கொள்வது சுலபம்.

அழுத்தமே கூடாது. சேஃப்டி ரேசர்கள் பெரும்பாலும் 70 முதல் 100 கிராம் எடை இருக்கும். அந்த எடையே முடியை வெட்டிவிடும். உங்கள் வேலை ரேசரை வழிநடத்துவது மட்டும். இழுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். ரேசரைப் பக்கவாட்டில் மட்டும் ஒருபோதும் நகர்த்தாதீர்கள். கத்தியால் அறுப்பது போல ஆகிவிடும். ஆழமான வெட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் விழுகின்றன.

கன்னங்களை முதலில் முடியுங்கள், அங்கே தட்டையான இடம் அதிகம். மேலுதடும் மோவாயும் கடைசி, அதற்குள் அங்கே முடி நுரையில் இன்னும் நன்றாக ஊறியிருக்கும். தாடை எலும்பின் மேல் நேராக மழிக்காமல், தோலைக் கன்னத்தின் பக்கம் மேலே இழுத்துப் பிடித்து, தட்டையாகும் இடத்தில் மழியுங்கள். குரல்வளை மேட்டில் தோலைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டால் மேடு விலகிவிடும். மேலுதட்டைப் பல்லின் மேல் இழுத்துப் பிடித்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இழுப்புகளாகப் போங்கள். மோவாயில் முடி அடர்த்தி; அங்கேதான் எல்லோருக்கும் அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள், மிச்சம் நிற்கட்டும்.

முதல் ஒரு வாரம் முடி வளரும் திசையில் ஒரே சுற்று. முகம் மழமழவென்று இருக்காது, தடவினால் சொரசொரக்கும். பார்ப்பவர்களுக்குத் தெரியாது, அது போதும். எரிச்சல் இல்லையென்றால் மறுபடி நுரை பூசி, குறுக்காக இரண்டாவது சுற்று சேருங்கள். நுரை இல்லாத தோலில் ரேசர் படக்கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எதிர்த்திசைச் சுற்று மூன்று நான்கு வாரம் போனபின், அதுவும் கன்னத்தில் மட்டும் தொடங்கட்டும். கழுத்தில் எதிர்த்திசை சிலருக்கு எப்போதுமே ஒத்துவராது; உள்வளரும் முடித்தொல்லை உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் முடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் போதும் என்ற மனநிலை வந்துவிட்டால் வெட்டு விழுவதே அரிதாகிவிடும்.

ஷேவ் முடிந்ததும்

குளிர்ந்த நீரில் கழுவி, ஈரமான முகத்தில் படிகாரக் கட்டியைத் தேய்த்து, அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சிறு ரத்தக் கசிவை நிறுத்துவது படிகாரத்தின் தெரிந்த குணம். எனக்கு அதைவிடப் பிடித்தது அது கற்றுக்கொடுக்கும் பாடம். எந்த இடத்தில் சுள்ளென்று எரிகிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது தேவைக்கு மேல் இழுத்திருக்கிறீர்கள். வாரம் போகப் போக எரியும் இடங்கள் குறைந்துகொண்டே வரும். வறண்ட தோலென்றால் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவை விட்டுவிட்டு பாம் (balm) எனும் களிம்பு வகையைப் பூசுங்கள். வாசனை உங்கள் விருப்பம்.

பிளேடைத் துணியில் துடைக்காதீர்கள். கூரின் மேல் வழுக்கலுக்காக ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். அதுவும் போகும், கூரும் கெடும், விரலும் வெட்டுப்படும். ஓடும் நீரில் அலசி உதறினால் போதும். ஒரு பிளேடு மூன்று முதல் ஏழு ஷேவ் வரை வரும். இழுக்க ஆரம்பித்தால் அன்றே மாற்றுங்கள்; ஒரு பிளேடை மிச்சப்படுத்துவதற்காக முகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பிரஷ்ஷை நன்றாக அலசி, பிழியாமல் உதறி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ரேசரைக் கீழே போட்டுவிடாதீர்கள். பல ரேசர்களின் தலை துத்தநாகக் கலவை வார்ப்பு. விழுந்தால் வளையாது, உடையும்.

பயன்படுத்திய பிளேடைக் குப்பையில் அப்படியே போட்டால் அதை அள்ளுபவரின் கை கிழியும். தகர டப்பா ஒன்றின் மூடியில் மெல்லிய பிளவு போட்டு அதற்குள் போட்டு வாருங்கள். பல ஆண்டுக்கு ஒரு டப்பா தாங்கும். நிறைந்ததும் பிளவை ஒட்டி உலோகக் கழிவில் சேர்க்கலாம். பிளாஸ்டிக்கும் ரப்பரும் எஃகும் பின்னிக் கிடக்கும் கார்ட்ரிட்ஜைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ரேசரையோ பிளேடையோ வீட்டில் யாரோடும் பகிர வேண்டாம், ரத்தம் வழிப் பரவும் நோய்கள் இருக்கின்றன. விமானத்தில் கைப்பையில் டபுள் எட்ஜ் பிளேடுக்கு அனுமதி கிடையாது. சரக்கில் போகும் பெட்டியில் வையுங்கள், அல்லது பயணத்துக்கு மட்டும் கார்ட்ரிட்ஜ் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்காக வளரும்போது

இரண்டு மாதம் போனால் ஆசை பிடிக்கும். பிளேடின் இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ரேசர், 1950களின் ஜில்லெட், அதன் அடியில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும் தயாரிப்புக் காலம், வெவ்வேறு மணமுள்ள சோப்புகள் என்று உலகம் பெரியது. தாராளமாக நுழையுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது பிளேடு என்றால் அதே ரேசர், அதே சோப், குறைந்தது மூன்று ஷேவ். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது. பழைய ரேசர் வாங்கினால் சோப்பு நீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்கஹாலில் கிருமிநீக்கம் செய்துகொள்ளுங்கள். பிளேடு உட்காரும் இடம் வளைந்திருந்தால் அது அலமாரிக்கு மட்டுமே.

மடக்கு சவரக்கத்தி தனிக் கலை. ஒவ்வொரு ஷேவுக்கு முன்னும் தோல்வாரில் தீட்ட வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லில் பிடிக்க வேண்டும். விலை குறைவு என்று பிளேடு மாற்றும் மடக்குக்கத்தியில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் இருப்பது பாதியாக ஒடித்த டபுள் எட்ஜ் பிளேடு, காப்புப் பட்டை கிடையாது. நன்றாகத் தீட்டிய உண்மையான சவரக்கத்தியைவிட அது கைப்பிழையை மன்னிக்காது. எதுவானாலும் முதல் வாரங்களில் கன்னத்தை மட்டும் கத்தியால் முடித்து, மிச்சத்தைச் சேஃப்டி ரேசரால் முடியுங்கள்.

சேஃப்டி ரேசரோடு ஒரு மாதம் ஆனதும் ஒரு சோதனை செய்யுங்கள். அதே நுரை, அதே பொறுமை, கையில் புதிய கார்ட்ரிட்ஜ். அழுத்தாமல், வளரும் திசையில் தொடங்கி, நீங்கள் இப்போது செய்யும் அதே சுற்றுகள். ஷேவ் முடிந்தவுடன் முகத்தைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கழுத்தைப் பாருங்கள். கொப்புளமும் சிவப்பும் திரும்பினால் உங்கள் தோலுக்கு ஒற்றைக் கூர்தான் வேண்டும், சேஃப்டி ரேசரிலேயே இருந்துவிடுங்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் பிரஷ்ஷையும் சோப்பையும் வைத்துக்கொண்டு, நேரம் இருக்கிற நாளில் சேஃப்டி ரேசரும் இல்லாத நாளில் கார்ட்ரிட்ஜும் எடுங்கள்.